உள்ளங்கை அகலத்து அலை

தியாகராய நகர், சென்னை-17
9 செப்டம்பர் 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயபாரதி வணக்கத்துடன் எழுதுவது. அப்பா, இசக்கியம்மாள் அத்தை, நான் மூவரும் சுகம். அம்மாவைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன். மலைமேல் குளிர் ஆரம்பித்துவிட்டதா? உங்கள் டெலிபோன் நிலையத்துச் சமையல்காரர் இன்னும் எல்லாக் குழம்பிலும் கத்தரிக்காயே போடுகிறாரா?

நீங்கள் லீவு முடிந்து கிளம்பியதிலிருந்து அம்மா அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். அத்தை துணைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமையும் சனிக்கிழமையும் கிடையாது. குரல் இன்னும் திரும்பவில்லை, காற்றாகத்தான் வருகிறது. டாக்டர் பேசவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆனால் நம் துணிக்கடைக்கு வருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. "எம்புள்ள ஆபீசுல ஓடுத மைக்ரோவேவுதான் எனக்கும் வைக்காவ" என்று ஒவ்வொருவர் காதிலும் ஊதுகிறாள். நேற்று ரவிக்கைத் துணி எடுக்க வந்த மயிலாப்பூர் மாமி ஒருத்தி, "அப்போ ட்ரங்க்கால் எல்லாம் இனிமே உங்க கழுத்து வழியாத்தான் போகுமா?" என்று கேட்டாள். அம்மா சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

எனக்கு ஒரு சந்தேகம். நூலகத்தில் ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு விரியும் படம் பார்த்தேன். மின்காந்த அலைகளின் வரிசை. ஒரு கோடியில் ரேடியோ, அடுத்தது உங்கள் மைக்ரோவேவ், பிறகு வெப்பம், பிறகு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், அதற்கப்பால் புற ஊதா, எக்ஸ் கதிர், மறுகோடியில் காமா கதிர். எல்லாம் ஒரே குடும்பமாம், ஒரே வேகமாம். கடையில் எரிகிற டியூப்லைட்டும் நீங்கள் மலைக்கு மலை அனுப்புகிற டெலிபோன் பேச்சும் பங்காளிகளா? அதற்குள் நூலகர் மூடும் நேரம் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டுவிட்டார். உங்கள் அலை எவ்வளவு நீளம்? அது தொண்டைக்கு எப்படி நல்லது செய்கிறது? விவரமாக எழுதுங்கள். அம்மாவுக்கு நான்தான் விளக்க வேண்டும்.

அன்புத் தங்கை,
ஜெயபாரதி


மலை நிலையம், வேலூர் வழி
17 செப்டம்பர் 1973

அன்புத் தங்கை பாரதிக்கு,

நல்லசிவம் ஆசிகளுடன் எழுதுவது. நான் சுகம். கத்தரிக்காயும் சுகம். ஜீப் கீழே இறங்கும் நாளில்தான் தபால் போகும், அதனால் தாமதம்.

நம் கடையில் இருக்கும் கோடு போட்ட சட்டைத் துணியை நினைத்துக்கொள். துணி ஒன்றுதான். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளிதான் வேறு. ரேடியோ என்றால், முதல் கோடு ரங்கநாதன் தெருவின் இந்த முனையில், அடுத்த கோடு மாம்பலம் ஸ்டேஷன் முனையில். என் மைக்ரோவேவில் அந்த இடைவெளி உன் உள்ளங்கை அகலம். வெளிச்சத்தில் அது ஊசி முனையைக்கூட நுழைக்க முடியாத நெருக்கம். அதற்கும் அப்பால் உள்ளவை உன் பாடத்தில் வராது, இப்போது வேண்டாம்.

உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். மைக்ரோவேவ் பட்டால் தண்ணீரின் மூலக்கூறுகள் இங்குமங்கும் திரும்பித் திரும்பி உரசிக்கொள்ளும். அதனால் உள்ளே சூடு பிறக்கும். நாம் மேலிருந்து உப்பு ஒத்தடம் கொடுக்கிறோமே, இது உள்ளிருந்து கொடுக்கும் ஒத்தடம். அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அம்மா ஒருநாள்கூட விடக் கூடாது. மழை பெய்தாலும், அப்பா சரக்கெடுக்க ஊருக்குப் போனாலும், தீபாவளிக் கூட்டம் கடையை அடைத்துக்கொண்டாலும் போக வேண்டும். இதை அவளிடம் உரக்கப் படித்துக் காட்டு. ஒருநாள்கூட விடக் கூடாது.

அண்ணன்,
நல்லசிவம்


தியாகராய நகர்
25 செப்டம்பர் 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லோரும் இருக்கிறோம். நீங்கள் சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உள்ளிருந்து கொடுக்கும் ஒத்தடம் என்ற இடத்தை அம்மா இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். அத்தையைப் பார்த்து, "கேட்டீயளா மதினி, வெறும் ஒத்தடந்தான்" என்றாள். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அண்ணா, நான் கவனித்தவற்றை எழுதுகிறேன். தவறாக இருந்தால் திருத்துங்கள்.

அம்மாவின் கழுத்தில் ஊதா மையால் கட்டம் போட்டிருக்கிறார்கள். அதை அழிக்கக் கூடாதாம். கழுத்தில் சோப்பு, எண்ணெய், மஞ்சள் எதுவும் கூடாது. தாலி உரசக் கூடாது என்றதால் கயிற்றை நீளமாக மாற்றிக் கட்டி ரவிக்கைக்குள் இறக்கி விட்டிருக்கிறாள். அதற்கே இரண்டு நாள் அழுதாள். படுக்க வைத்ததும் எல்லோரும் வெளியே ஓடிவிடுகிறார்களாம். கதவு கோயில் கதவு கனம் என்று சொல்கிறாள். "சூடு இருக்குமேம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியலட்டி, சும்மா கெடந்துட்டு எந்திச்சு வாரேன்" என்றாள்.

கமர் ஜஹானை உங்களுக்குத் தெரியும், என்னுடன் படிக்கிறவள். அவளுடைய அம்மா அன்வரி பேகம் முழங்கால் வலிக்கு ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் இதே சூடு வைத்துக்கொள்கிறார். அவருக்கு நன்றாகச் சுடுகிறதாம். நர்ஸ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரோடு சினிமாக் கதை பேசுகிறாளாம். அவள் ஏன் ஓடவில்லை? நீங்கள் போன தடவை வந்தபோது, உங்கள் கருவி அறைக்குத் தகரக் கதவுதான், காற்றுக்காகத் திறந்தே வைப்போம் என்று சொன்னீர்கள். தகரக் கதவு போதும் என்றால் அடையாறில் எதற்கு அவ்வளவு கனமான கதவு?

ஒருவேளை அம்மாவுக்கு வைக்கிற மைக்ரோவேவ் அளவில் அதிகமோ? பதில் எழுதுங்கள். எனக்கு இது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தங்கை,
ஜெயபாரதி


மலை நிலையம்
5 அக்டோபர் 1973

பாரதிக்கு,

சுகம். இங்கே புதிய இணைப்புக்கான சோதனை நடக்கிறது, மூச்சுவிட நேரமில்லை. ஆஸ்பத்திரிக் கருவிகள் பல வகை. ஒன்றைப் போல ஒன்று இருக்காது. அரையாண்டுப் பரீட்சைக்குப் படி. அம்மாவைக் கேள்வி கேட்டுக் குழப்பாதே, உன் டீச்சரிடமும் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம். அம்மா தினமும் போகிறாளா? அதை மட்டும் எழுது.

நல்லசிவம்


தியாகராய நகர்
12 அக்டோபர் 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: போகவில்லை. திங்கட்கிழமையோடு நின்றுவிட்டாள்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சி விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. கழுத்துத் தோல் கறுத்துவிட்டது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தீபாவளி. கடைக்குள் நிற்க இடமில்லை. விருதுநகரிலிருந்து வரவேண்டிய பையன்கள் வரவில்லை. அப்பா ஒருவரே கல்லாவிலும் இருந்து துணியும் கிழித்துப் போட முடியுமா? செவ்வாய்க்கிழமை காலையில் அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். அம்மா மீட்டர் கோலை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

அப்பா கத்தினார். அப்பா அம்மாவிடம் கத்தி நான் பார்த்ததே இல்லை. "கடை கெடக்கு! நீ கெளம்பு!" என்றார். கடையைப் போய் அப்பா இப்படிச் சொல்கிறாரே என்று நான் விழித்தேன். அம்மாவும் விழித்தாள். "வெறும் சூட்டுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துதிய? தீவாளி கழியட்டும், போறேன். அதுவரைக்கும் வீட்டுலயே ஒத்தடம் கொடுத்துக்கிடுதேன். உங்க மவனே எழுதியிருக்கான்லா, ரெண்டும் ஒண்ணுதான்னு" என்றாள். அப்பா செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டார்.

புதன்கிழமையிலிருந்து ராத்திரி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கழுத்தில் ஒற்றிக்கொள்கிறாள். முதல் நாள் நான்தான் வறுத்துக் கொடுத்தேன். இன்று பார்த்தால் அந்த இடத்தில் தோல் உரிந்து சிவந்திருக்கிறது.

இது சரிதானா அண்ணா? உடனே எழுதுங்கள். ஜீப் இறங்காவிட்டால் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

ஜெயபாரதி


தியாகராய நகர்
14 அக்டோபர் 1973

அண்ணா,

முந்தைய கடிதம் கிடைத்திருக்காது என்று தெரியும். இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன். உப்பு ஒத்தடத்தை நிறுத்திவிட்டேன். உப்பு ஜாடியை கமர் ஜஹான் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

நேற்று சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. கமர் ஜஹானும் நானும் பஸ் ஏறி அடையாறு போனோம். வீட்டில் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் எல்லா நோய்க்கும் பார்க்கிறார்கள், ஆனால் அம்மா போகிற இடம் பின்பக்கத்தில் தனிக் கட்டடம். பெருக்கிக்கொண்டிருந்த ஆயா, "இன்னா பாப்பா, யாராண்ட வந்தே?" என்று கேட்டாள். பேச்சியம்மாள் மகள், மைக்ரோவேவ் வைக்கிற இடத்தைப் பார்க்க வந்தேன் என்றேன். "இன்னா வேவு? அத்தெல்லாம் எனுக்குத் தெர்யாது. தொண்டைக்காரம்மாவா? மஞ்சப் பொடவ? நாலு நாளா ஆளையே காணமே! டாக்டர் டெய்லி கேட்டுகினே கீறாரு. நடுவுல உடக் கூடாதும்மா. உட்டா, இத்தினி நாள் பட்ட கஷ்டமெல்லாம் வீணாப் பூடும்னு சொல்லு உங்கம்மாவாண்ட" என்றாள்.

அந்தக் கதவையும் பார்த்தேன். மேலே சிவப்பு விளக்கு. கதவில் மஞ்சள் பலகை. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மூன்று இறக்கைகள். இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன் அண்ணா. நூலகத்துப் புத்தகத்தில், வரிசையின் மறுகோடியில், காமா கதிருக்குக் கீழே இதே படம் இருந்தது. வழியில் இறங்கி நூலகத்துக்குப் போய்ச் சரிபார்த்தேன். கோடுகள் நெருங்க நெருங்க அலையின் பலம் கூடும் என்றும் அதில் போட்டிருக்கிறது. மைக்ரோவேவுக்கு உடம்பைச் சூடாக்கத்தான் தெரியும். காமா சூடாக்குவதில்லை. ஈயமும் கனமான சுவரும்தான் அதைத் தடுக்கும். உடம்புக்குள் போய், வளர்கிற கட்டியை அழிக்குமாம். எந்த நோய்க்கு அதை வைப்பார்கள் என்றும் போட்டிருந்தது. அந்த வரியை கமர் ஜஹான் கையால் மறைத்துக்கொண்டாள். நான் அதற்கு முன்பே படித்துவிட்டேன்.

அம்மா இந்த வரிசையில் எங்கே இருக்கிறாள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

பதிலை நம் வீட்டுக்கு எழுத வேண்டாம். வருகிற கடிதத்தையெல்லாம் அம்மா உரக்கப் படிக்கச் சொல்கிறாள். கமர் ஜஹான் வீட்டு விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஜெயபாரதி


மலை நிலையம்
18 அக்டோபர் 1973

அன்புள்ள பாரதி,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே ஜீப்பில் வந்தன. நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வரிசையின் கடைசியில் இருக்கிறாள். நீ படித்தது சரி. தொண்டையில் புற்று. ஆரம்ப நிலை. டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினார், ஒருநாளும் விடாமல் கதிர் வைத்தால் என்ற நிபந்தனையோடு. அப்பாவுக்கும் அத்தைக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

அம்மாவின் அக்காவை நீ பார்த்ததில்லை. அவளுக்கும் இதே நோய். பெயர் தெரிந்த நாளிலிருந்து ஊரில் யாரும் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று பயம். தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. கடைசிவரை பக்கத்தில் இருந்தது அம்மா மட்டும்தான். எனக்கு அப்படி வந்தால் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேன், யாருக்கும் தெரியாமல் கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று அப்போது என்னிடம் சொன்னாள். அப்போது எனக்கு உன் வயது.

அதனால்தான் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும், என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றபோது, என் வாயில் வந்த வார்த்தை அது. மைக்ரோவேவ். நான் நாள் முழுக்கப் புழங்குவது. அம்மாவுக்குப் பெருமையான வார்த்தை. பயப்பட மாட்டாள் என்று நினைத்தேன். பயமில்லை என்றால் நடுவில் விட்டுவிடவும் தோன்றும் என்று நினைக்கவில்லை. ஒத்தடம் என்று எழுதியதும் என் கைதான். நீ வறுத்தாய் என்று வருத்தப்படாதே.

தீபாவளிக்குள் புதிய இணைப்பை ஓட்டிவிட வேண்டும். இரண்டு பேர் வேலையை ஒருவன் பார்க்கிறேன். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லாதே. உனக்குத்தான் இதெல்லாம் விளங்குகிறதே, மைக்ரோவேவுக்கு இத்தனை தடவை வைத்தால்தான் பலிக்கும், நடுவில் விட்டால் குரல் திரும்பாது என்று எதையாவது கணக்காகச் சொல். நீ சொன்னால் நம்புவாள். திங்கட்கிழமை அவள் அங்கே போயாக வேண்டும்.

நல்லசிவம்


தியாகராய நகர்
22 அக்டோபர் 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இன்று காலையில் அம்மா அடையாறு போனாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீங்கள் மீதியைப் பதறாமல் படிக்க வேண்டும் என்பதற்காக.

சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தேன். மைக்ரோவேவுக்கு ஒரு கணக்கு உண்டு, பாதியில் விட்டால் தண்ணீரின் மூலக்கூறுகள் பழையபடி நின்றுவிடும் என்று சொன்னேன். சொல்லும்போதே அது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. அம்மா, "நின்னா நிக்கட்டும். தீவாளி கழிஞ்சு திரும்ப ஆட்டிவிடச் சொல்லு" என்றாள். இதைவிடப் பெரிய பொய்யை யோசித்தேன். ஒவ்வொரு பொய்யிலும் அந்த நோய் சின்னதாகத்தான் ஆனது. சின்னதாக இருக்கிறவரை அவள் போகமாட்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ரங்கநாதன் தெருவில் தலைகளைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கடைக்குள் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். அம்மாவின் காற்றுக் குரல் யாருக்கும் கேட்காததால், அவள் விரலைக் காட்டிக் காட்டி மீட்டர் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவன், "ஏம்மா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்றான். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே துணிப் பொதிகளை அடுக்கிய பேல் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஏட்டி, என்ன கூத்து இது, ஆளு நிக்குது" என்றாள்.

சரக்கு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்தேன். தையல்காரர் சாக்கட்டியால் அந்த வரிசையைப் போட்டேன். இந்தப் பக்கம் ரேடியோ, இது அண்ணனுடைய மலை, இது அடுப்பு அனல், இது வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா குனிந்து மைக்ரோவேவ் மேல் விரலை வைத்தாள். "நான் இங்கன இருக்கேன், அதானே?" என்றாள்.

நான் அந்த விரலைப் பிடித்து நகர்த்தினேன். வெளிச்சத்தைத் தாண்டி, எக்ஸ் கதிரைத் தாண்டி, காகிதத்தின் கடைசிவரை. சாக்கட்டிப் பொடி அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "அம்மா, பெரியம்மாவுக்கு இந்த மெஷின் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

வெளியே அப்பா சில்லறைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அம்மா என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள்: "என் தட்ட உங்க அத்த தனியாவா கழுவுதா?" இல்லை என்றேன். "பாத்தியா?" பார்த்தேன் என்றேன். "உங்க அப்பா?" தெரியும் என்றேன். "சிவம்?" தெரியும் என்றேன். உங்களைப் பற்றி அப்போது அம்மா சொன்னதை இங்கே எழுதவில்லை.

வெளியே வந்து அப்பாவின் கையில் மீட்டர் கோலைக் கொடுத்தாள். "நாளைக்குக் காலையில நான் இருக்கமாட்டேன். யாரையாச்சும் வச்சுக்கிடுங்க" என்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஏற்கெனவே அளந்து வைத்த துணியையே மறுபடி அளந்தார்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு அம்மா தன் தட்டையும் டம்ளரையும் எடுத்து ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். அத்தை அதை எடுத்து மற்றவற்றோடு போட்டுவிட்டு, "ஏ பேச்சி, இந்த வீட்டுல பாத்திரம் கழுவுதவ நான். எத எங்கன வைக்கணும்னு எனக்குத் தெரியும். உன் சோலியப் பாரு" என்றாள். இரண்டு பேரும் அழவில்லை. நான்தான்.

ஒரு கேள்வி. அந்தக் கதிர் அம்மாவின் உடம்பில் தங்குமா? அத்தை கேட்கவில்லை. அம்மா கேட்டாள், நம்மை நினைத்து.

ஜெயபாரதி


மலை நிலையம்
27 அக்டோபர் 1973

அன்புள்ள பாரதி,

சுகம். அப்பா, அத்தை, அம்மா எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? தீபாவளி அன்று இணைப்பு ஓடியது. எல்லோரும் கை கொடுத்தார்கள். எனக்கு மனத்தில் எதுவும் ஏறவில்லை.

தங்காது. விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்குமா? அதைப் போலத்தான். கதவு திறந்ததும் அம்மா பழைய அம்மாதான். அவளை யாரும் தொடலாம், கட்டிக்கொள்ளலாம், அவள் டம்ளரில் குடிக்கலாம். இதை அவளிடம் உரக்கப் படித்துக் காட்டு. இனி உன் தோழி வீட்டுக்கு எழுத வேண்டியதில்லை.

நான் சொல்லாதே என்றேன். நீ சொல்லிவிட்டாய். இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நீ சின்னப்பெண், உனக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்தக் கோபம் இல்லை. ஆனால் ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. என்னைப் பற்றி அம்மா என்ன சொன்னாள்? நீ எழுதவில்லை. எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே எழுது.

நல்லசிவம்


அடையாறு
2 நவம்பர் 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மழை. அத்தைக்குக் கால் வலி என்று இன்று நான் துணைக்கு வந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்தேன், முழுவதையும், கடைசிப் பகுதி உட்பட. அவள் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் கோபித்துக்கொண்டார். விட்டுப்போன நாட்களுக்காகக் கூடுதலாக வைக்க வேண்டுமாம். தோல் உரிந்த இடத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறார். குணமாகிவிடும் அல்லவா என்று நான் கேட்டேன். "தை மாதம் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார். விட்டதால் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் நின்றாள். ஆனால் அவள்தான் என் முதுகில் கையை வைத்துத் தள்ளி, கேளு என்பது போலத் தலையை ஆட்டினாள். கேட்டேன். "தெரியாதும்மா" என்றார். அவர் எங்களிடம் உண்மையைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கருவியை இயக்குகிறவர் என்னைக் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, அதனால் மஞ்சளாக இருக்கிறது. அதற்குப் பின்னால் அம்மா மஞ்சள் தேய்த்துக் குளித்தவள் போலத் தெரிந்தாள். அசையாமல் இருக்கத் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை. எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கண்ணை இமைக்காமல் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை அண்ணா. சத்தமில்லை, ஒளியில்லை. அம்மாவின் கால் கட்டைவிரல் மட்டும் ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது. அவளுக்குப் பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் காட்டவே இல்லை.

இப்போது வெளியே வந்துவிட்டாள். டாக்டர் இந்த வாரம் முழுக்க ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதால், நீங்கள் கேட்டதற்குப் பதிலைத் தானே எழுதுகிறேன் என்று சைகை காட்டிப் பேனாவைக் கேட்கிறாள். எழுத்துக் கோணலாக இருக்கும். நான் திருத்தவில்லை.

தங்கை,
ஜெயபாரதி

சிவம், அம்மா எழுதுதேன். அன்னைக்குப் பேல் ரூமுல நான் சொன்னது இதான். இந்தப் பய இத்தன நாளும் இத நெஞ்சுல வச்சுக்கிட்டு மலை மேல ஒத்தையில எப்படிச் சோறு தின்னான். அவ்வளவுதான் சொன்னேன். உன்ன ஒண்ணும் திட்டல. இனிமே பொய் சொல்லுததா இருந்தா பாரதி படிக்காத பாடமாப் பாத்துச் சொல்லு. எங்க அக்கா கடைசி வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தா, ஒருத்தரும் வரல. நான் தெனமும் இங்கன வந்துருதேன், நீ கவலப்படாத. லீவு கெடைச்சா வா. கெடைக்காட்டியும் வா.